கொல்லைப்புறத்துப் பறவைகள்: கண்டறிவோம், காத்திடுவோம்

பால்மரம் வெட்டும் தோழர்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பாடம் சொல்ல முற்படுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். நகரவாசிகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் வேளையில் எழுந்து, பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, தலைவிளக்கின் துணையோடு நிரைக்குள் நுழைகின்றவர்கள் நீங்கள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அமைந்த அந்த வேலை நேரம், உங்களுக்கு இன்னொன்றையும் சேர்த்தே கொடுத்திருக்கின்றது. பறவைகள் மிகுதியாகக் குரல் கொடுப்பதும் அதே நேரத்தில்தான். பினாங்கு மாநிலத்தில் பறவை பார்ப்பதற்கென்றே விலையுயர்ந்த தொலைநோக்காடி வாங்கி வைத்திருப்போர் உண்டு. அவர்கள் வாரத்தில் ஒரு நாள் சிரமப்பட்டு எழுந்து கேட்கும் ஒலிகளை, நீங்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே நடக்கின்றீர்கள்.

ஒரு சான்று கூறுவோம். இருள் பிரியாத நேரத்தில், செம்மண் பாதையின் ஓரத்திலிருந்து 'டொக், டொக், டொக்' என்று சுத்தியலால் மரத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். விளக்கைத் திருப்பினால் தரையில் இரண்டு நெருப்புத் துளிகள் போலக் கண்கள் மின்னும். மறுகணம் ஏதோ ஒன்று ஓசையின்றி எழுந்து பறந்துவிடும். பேய் பிசாசு என்று அஞ்சியவர்களும் உண்டு. அது பக்கி என்னும் இராப்பறவை. மலாய்க்காரர்கள் அதனைப் 'பூரோங் துக்காங்', அதாவது தச்சன் பறவை, என்று பொருத்தமாகவே அழைக்கின்றனர். இரவெல்லாம் பறந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்பதே அதன் தொழில். கூடு கட்டும் வழக்கம் அதற்கில்லை. உதிர்ந்த இலைகளின் நடுவே வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாக்கும். இலையின் நிறமும் இறகின் நிறமும் ஒன்றாக இருப்பதால், காலடியில் இருந்தாலும் தெரியாது.

இத்தகைய செய்திகளை அறிந்துகொள்ளப் பெரும் படிப்புத் தேவையில்லை. கண்ணும் காதும் உங்களிடம் முன்னரே இருக்கின்றன. பெயர்களையும் சிறிது பொறுமையையும் சேர்த்துக்கொண்டால் போதும். நிரையில் வேலை இருக்கும்போது நின்று பார்க்க இயலாது என்பதும் உண்மையே. ஆகவே இப்பாடத்தை வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே தொடங்குவோம்.

நம் நாட்டில் 700க்கு மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன. அவற்றுள் லயத்து வீட்டின் கொல்லைக்கு வந்து போகின்றவை இருபது முப்பதுக்குள் அடங்கிவிடும். அவற்றை அடையாளம் காண முதற்படி, அளவை மனத்தில் வாங்குவது. சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 'சிட்டைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது' என்று சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து அலகைப் பாருங்கள். குட்டையாகத் தடித்திருந்தால் விதை உண்பது. மெல்லியதாக வளைந்திருந்தால் தேன் குடிப்பது. கொக்கி போல நுனி வளைந்திருந்தால் பிற உயிர்களைப் பிடித்துண்பது. நிறத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். நிழலில் எல்லாப் பறவைகளும் கறுப்பாகவே தோன்றும். நிறத்தை மட்டும் நம்பியவர் ஏமாந்து போவார்.

சிட்டுக்குருவியிலேயே ஒரு பாடம் இருக்கின்றது. தமிழகத்து வீடுகளில் கூடு கட்டும் சிட்டில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு தோற்றமுடையவை. இங்கே நம் கூரை இடுக்கில் கூடு கட்டுவதோ வேறோர் இனம். தலையுச்சி செம்பழுப்பு நிறமாக இருக்கும். வெள்ளைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போலக் கறுப்புப் புள்ளியொன்று தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமையில்லை. பல்லாண்டுகளாக நாம் பார்த்துவந்த பறவையின் கன்னத்தில் பொட்டு இருப்பதை, ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே நாமும் கண்டோம். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு.

காலையில் பசியாறும் நேரத்தில் கொல்லைக்கு முதலில் வருவது பெரும்பாலும் கொண்டைக்குருவியாகத்தான் இருக்கும். இங்குள்ள வகைக்குப் பழுப்பு முதுகு, வெளிறிய முகம், கண்ணருகே மை தீட்டியது போன்ற கோடு, வாலின் அடியில் மஞ்சள். மலாயில் 'மெர்பா காப்பூர்' என்பர். பப்பாளி பழுத்தால் நமக்கு முன்னே இதற்குத் தெரிந்துவிடும். பூச்சிகளையும் தின்னும். மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாமல், இடுப்பளவு உயரமுள்ள செடியிலும் கூடு வைத்துவிடும்.

செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கும் சின்னஞ்சிறு பறவை தேன்சிட்டு, மலாயில் 'கெலிச்சாப்'. ஆணுக்குக் கழுத்தும் மார்பும் கருநீலமாகப் பளபளக்கும். வயிறு இருபாலுக்கும் மஞ்சள். நம் நாட்டின் தேசிய மலராக 1960ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இந்தச் செம்பருத்தியின் அடிப்பக்கத்தை அலகால் குத்தித் துளைத்து, மகரந்தத்தைத் தொடாமலேயே தேனை உறிஞ்சிவிடும் தந்திரம் இதற்குத் தெரியும். மரநார், இலைச் சருகு, சிலந்தி நூல் ஆகியவற்றைக் கொண்டு பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். துணி காயப்போடும் கயிற்றிலும், முன்வாசலில் தொங்கும் பூந்தொட்டியிலும் கூடு கட்டிய தேன்சிட்டுகளை நாம் கண்டிருக்கின்றோம். அவ்வாறு நேர்ந்தால் ஒரு மாத காலம் வேறு கயிற்றில் துணி காயவைப்பதே செய்ய வேண்டியது. கூட்டை இடம் மாற்றி வைத்தால் தாய்ப்பறவை கைவிட்டுச் சென்றுவிடக்கூடும்.

இவை தவிர, புள்ளிப்புறா தரையில் நடந்து புல்விதை பொறுக்கும். தையல்சிட்டு இலையின் ஓரங்களைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அதற்குள் கூடு வைக்கும். சாக்கடை ஓரத்தில் வெள்ளை மார்புடைய கானாங்கோழி வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். மஞ்சள் நிறத்து மாங்குயில் மர உச்சியிலிருந்து புல்லாங்குழல் ஊதும்.

இனி, இப்பறவைகளை வரவழைப்பது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

சோறு இறைப்பதுதான் நம் மக்களுக்கு உடனே தோன்றும் வழி. காகத்திற்குச் சோறு வைத்த பின்னரே உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், கொல்லையில் இறைத்த சோற்றுக்குக் காகமும் மைனாவும் வந்து மற்றப் பறவைகளை விரட்டிவிடும். எஞ்சியதைத் தேடி இரவில் எலி வரும். எலியின் சிறுநீரால் பரவும் நோய் உயிரைப் பறிக்க வல்லது. ஆதலால் காகத்திற்கு வைப்பதை ஓர் இலையில் அளவோடு வைத்து, பொழுது சாய்வதற்குள் அவ்விடத்தைத் துப்புரவு செய்துவிடுவது நன்று.

காகத்தைப் பற்றி இங்கே ஒரு செய்தி. 1890களில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் இலையைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக, இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டனர். இன்று தீபகற்பத்தின் பல நகரங்களில் பெருகிக் கிடப்பது அந்த இனமே. தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர் மட்டுமல்லர் போலும்! காகம் பெருகவே, அதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் குயிலும் இங்கே நிலைத்துவிட்டது. முன்னாளில் பெரும்பாலும் பருவகால விருந்தாளியாக வந்து சென்ற குயில், இன்று ஆண்டு முழுவதும் கூவுகின்றது.

சோற்றைவிட மரமே சிறந்த அழைப்பிதழ். சிறு நிலம் இருந்தாலும் ஒரு செரி மரம் வையுங்கள். கம்போங்குகளில் வேலியோரம் நிற்குமே, சிவந்த சிறு பழம் கொத்துக் கொத்தாகப் பழுக்கும் அம்மரம்தான். விரைவில் வளரும், ஆண்டு முழுவதும் காய்க்கும். கொண்டைக்குருவியும், முதுகில் செந்நிறக் கோடுடைய பூக்கொத்தியும் அதனை விட்டு நகரமாட்டா. செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை மூன்றும் தேன்சிட்டுக்கு உரியவை. வாழைத்தாரில் ஒரு சீப்பையோ, பப்பாளியில் ஒரு துண்டையோ மரத்தில் செருகி வைத்தால் ஒரு வாரத்தில் பழக்கப்பட்ட விருந்தாளிகள் கிடைத்துவிடுவர். புளித்து அழுகுமுன் அதனை எடுத்துவிட வேண்டும்.

உணவைக் காட்டிலும் விரைவில் பறவைகளை ஈர்ப்பது தண்ணீர். அகன்ற, ஆழமில்லாத மண்சட்டி ஒன்றில் இரண்டு விரல் உயரத்திற்கு நீர் வைத்து, நடுவில் ஒரு கல்லைப் போட்டால், நண்பகல் வெயிலில் பறவைகள் குளிக்க வரும். இதனை எழுதும் நாமே இதில் ஒரு முறை தலைகுனிய நேர்ந்தது. ஜார்ஜ்டவுனில் நாம் குடியிருக்கும் வரிசை வீட்டின் பின்புறத்தில் இத்தகைய சட்டி வைத்திருந்தோம். வெளியூர்ப் பணிக்காக ஒன்பது நாள் சென்று திரும்பியபோது, சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நின்றார். சட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. நூற்றுக்கணக்கான கூட்டங்களில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசிய வாய், அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் அதிகாரிக்கும் பொருந்தும்.

ஆகவே இதனை மனத்தில் இறுத்துங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். சட்டி நீரை நாள்தோறும் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் இல்லாத நாட்களில் சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெட்டாமல் விட்ட மரங்களில் மழைநீர் தேங்கிய மங்குகளைக் கவிழ்ப்பது போன்றதே இது. அவ்வேலையின் அருமை உங்களுக்குப் புதிதன்று.

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

சில காலத்திற்கு முன் செபராங் பிறையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். வெட்டுமரத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், "அப்பவெல்லாம் பெரட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வண்ணாத்திக்குருவி எழுப்பிவிட்டுடும் ஐயா. இப்ப அது சத்தத்தையே காணோம்" என்றார். கறுப்பும் வெள்ளையுமான உடலோடு, வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, கூரை முகட்டில் அமர்ந்து விதவிதமாகச் சீழ்க்கையடிக்கும் பறவையைத்தான் அவர் குறிப்பிட்டார். நூல்களில் குண்டுகரிச்சான் என்று காணப்படும். மலாயில் 'முராய் கம்போங்'. பெண்பறவைக்குக் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம். புழு பூச்சிகளைத் தின்று வாழும் இப்பறவை, பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கூடு வைத்து மனிதரை ஒட்டியே வாழ்வது. இரப்பர் மரமோ, வீடோ, கொல்லையோ எதுவும் அத்தோட்டத்தில் மாறிவிடவில்லை. குரல் மட்டும் மறைந்துவிட்டது.

காரணத்தை அங்கிருந்த சிறுவர்களே சொல்லிவிட்டனர். மரப்பாலைக் கொண்டு பசை செய்து, குச்சியில் தடவி, பறவை வந்து அமரும் கிளையில் வைத்துவிடுவார்களாம். ஒட்டிக்கொண்ட பறவையை வெளியூர் ஆள் ஒருவர் வந்து வாங்கிச் செல்வாராம். பாடும் ஆண்பறவைக்கு நல்ல விலை. ஒரு பறவைக்குச் சிறுவனுக்குக் கிடைப்பது சில ரிங்கிட். கூட்டில் குஞ்சிருக்கும் காலத்தில் ஆண்பறவை அகப்பட்டால், தனித்து விடப்பட்ட தாயினால் எல்லாக் குஞ்சுகளையும் வளர்க்க இயலாது. உண்டிவில்லால் அடிபடுபவை வேறு கணக்கு. நம் கையால் வெட்டிய மரத்தின் பால், நம்மை எழுப்பிவிடும் பறவையின் காலைக் கட்டுகின்றது என்பதை நினைக்க மனம் ஒப்பவில்லை.

இது விளையாட்டன்று என்பதற்கு அண்டை நாடே சான்று. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட வண்ணாத்திக்குருவி, பிடிப்போராலும் வாழிடம் குறைந்ததாலும் 1970களில் முதன்மைத் தீவிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1980களில் பறவைகளைக் கொண்டுவந்து விட்டு, மீண்டும் குடியேற்றும் முயற்சியை மேற்கொள்ள வேண்டியதாயிற்று. ஆற்றோரங்களில் இனிமையாகப் பாடும் 'பாராவ் பாராவ்' என்னும் பறவையின் நிலை இன்னும் கொடியது. கூண்டு வாணிகத்தால் பல நாடுகளில் அற்றுப்போய், 2018ஆம் ஆண்டில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. காப்புப் பெற்ற பறவையை உரிமமின்றிப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். கடும் அபராதமும் சிறைத்தண்டனையும் உண்டு. 'பெர்ஹிலித்தான்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையினரிடம், எந்தப் பறவைக்கு உரிமம் வேண்டும் என்பதைக் கேட்டறியலாம். சிறுவனிடம் வாங்கிச் செல்லும் ஆள் சட்டத்தை அறியாதவராக இருக்கமாட்டார். அகப்படுவது பெரும்பாலும் சிறுவனும் அவன் குடும்பமும்தான். பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பறவைகளைக் காக்கத் துணிந்த எளிய மக்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் ஏரிக்கு நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் கண்டறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு சென்று மாவட்டக் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றுக்கொண்டனர். ஆட்சி அந்நியருடையது, துப்பாக்கியும் அவர்களுடையதே. இருந்தும் கேட்டனர், பெற்றனர். சிவகங்கை வட்டாரத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், ஊரையொட்டிய கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

பறவைகளால் நமக்குத் தொல்லையே இல்லையா என்று தோழர்கள் கேட்கக்கூடும். உண்டு. இரப்பர் மரக்கிளையில் வேரூன்றி அதன் சாரத்தை உறிஞ்சும் புல்லுருவியைப் பரப்புவதே பூக்கொத்திதான். புல்லுருவிப் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்து விட்டுச் செல்லும். அதற்குத் தீர்வு புல்லுருவியைத் தொடக்கத்திலேயே வெட்டியெறிவது, பறவையைக் கொல்வதன்று. மறுபக்கம், கூகையை நினைத்துப் பாருங்கள். வீட்டருகே அது அலறினால் சாவு வரும் என்று நம்மவர் கல்லெறிந்து விரட்டுவர். அதே கூகைக்கு 1980களிலிருந்து நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வீடு அமைத்துக் கொடுக்கின்றனர். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கும். கடும் எலி நஞ்சை வைக்கும் இடங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் மடிகின்றது. ஆகவே கொல்லையில் எலி நஞ்சு வைக்குமுன் பொறி வைத்துப் பார்ப்பது மேல்.

வண்ணாத்திக்குருவியை மீண்டும் வரவழைக்க விரும்புவோர் ஒரு பலகைப் பெட்டி செய்யலாம். உள்ளே ஒரு சாண் அகலமும் ஆழமும் இருக்கட்டும். முன்பலகையின் மேற்பாதியைத் திறந்தபடி விட்டு, கீழ்ப்பாதியை மட்டும் அடைத்துவிடுங்கள். ஆள் உயரத்திற்கு மேலே, வெயிலும் சாரலும் படாத சுவரில், பூனை ஏற முடியாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். குடிவந்தால் எட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்கவிடாதீர்கள். குஞ்சுகள் பறந்து சென்ற பிறகு பெட்டியைத் துப்புரவு செய்து வையுங்கள். தரையில் செத்துக் கிடக்கும் பறவை எதனையும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பறவைக் காய்ச்சல் 2004ஆம் ஆண்டில் கிளந்தானில் தலைகாட்டியதை மறந்துவிட வேண்டாம்.

இறுதியாக, ஒரு குறிப்பேடு. பள்ளிப்பிள்ளையின் பழைய அப்பியாசப் புத்தகமே போதும். தேதி, நேரம், பறவை, எத்தனை, என்ன செய்தது என ஐந்து கட்டங்கள் கிழித்துக்கொள்ளுங்கள். மலேசிய இயற்கைக் கழகம் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் முறை இத்தகையதே: ஓரிடத்தில் அரை மணி நேரம் அமர்ந்து, வரும் பறவைகளை எண்ணி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேநீர்க் கோப்பையோடு படியில் அமர்ந்தால் முடிந்துவிடும் வேலை. பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து வையுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும்.

செப்டம்பர் மாதத்திலிருந்து இந்தக் குறிப்பேட்டிற்கு வேலை கூடும். வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சிய பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டு நம் நாட்டிற்கு வரும் காலம் அது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான சேற்றுக் கரையில், சைபீரியாவிலிருந்து வந்த நெடுங்கால் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். தகைவிலான்கள் நகரத்து மின்கம்பிகளில் மாலையில் வரிசை பிடித்து அமரும். அவற்றைப் பார்க்கப் பயணம் போக வேண்டும். ஆனால் ஒருவர் உங்கள் வீட்டிற்கே வருவார். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, பழுப்பு நிறம், கண்ணை மறைத்துத் திருடன் முகமூடி போலக் கறுப்புப் பட்டை, கொக்கி அலகு. வேலிக் கம்பியிலோ, வெட்டிய மரத்தின் முனையிலோ தனியே அமர்ந்து, தத்துக்கிளியைக் குறிபார்க்கும். அதுவே கீச்சான். பல்லாயிரம் மைல் பறந்து வரும் இப்பறவை, சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்தைத் தேடித் திரும்பி வருவதுண்டு.

உங்கள் வேலியில் அது முதன்முதலாக வந்து அமரும் நாளைக் குறித்து வையுங்கள். ஏப்ரலில் காணாமற்போகும் நாளையும் குறியுங்கள். அடுத்த ஆண்டு அதே கம்பியில் வந்து அமர்கின்றதா என்று பாருங்கள்.